சத்தம் பத்தாத ரவுட்டர்

போன வருஷம் தீபாவளி முடிந்த பத்தாம் நாள் என் மனைவி ஜெர்மனிக்கு விமானம் ஏறினாள். மகளுக்கு அங்கே தலைப்பிரசவம். மூன்று மாதம் கூட இருந்து பார்த்துவிட்டு, தை மாதக் கடைசியில் திரும்புவதாக ஏற்பாடு. ஆட்டையாம்பட்டியைத் தாண்டி, திருச்செங்கோடு போகிற ரோட்டோரம் எங்கள் வீடு. அந்த வீட்டில் நானும், நாலு விசைத்தறியும், அவள் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டுப் போன வடகமும் மிஞ்சினோம். மூவரில் அதிகம் உபயோகமில்லாதவன் நான்தான்.

வீட்டுக்கும் தறிப்பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நாலு தறியில் இரண்டு எனக்கு, இரண்டு அவளுக்கு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக எதிரும் புதிருமாக நின்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம். தறி ஓடுகிறபோது பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் பட்டறைக்காரர்களுக்கு எப்போதும் இரண்டு பேச்சு உண்டு. பட்டறைக்குள் கையும் உதடும். இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். விரலைச் சுழற்றிக் காட்டினால் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்துபோச்சு, மாற்று. கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். சண்டைகூட அப்படித்தான் போடுவோம், ஒரு சத்தமும் வெளியே வராது.

இன்னொரு பேச்சு பட்டறைக்கு வெளியே. அங்கேதான் வம்பு. தறிச் சத்தத்திலேயே இருந்து பழகிய காதுக்கு, அளவான குரல் எது என்று மறந்துபோகும். என் மனைவிக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. கொல்லையில் நின்றுகொண்டு முருங்கைக்காய் பறிச்சீங்களா என்று என்னைக் கேட்டால், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் பறித்தாகிவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம் இவளை நான் ‘ஊராட்சி மைக்’ என்றுதான் அறிமுகம் செய்வேன். அவளை விமானம் ஏற்றிவிடப் போனபோதும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, மைக்கை அனுப்பி வைக்கிறேன், வால்யூம் குறைக்கிற பட்டன் எங்கே இருக்கிறதென்று நீங்களாவது கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவளும் சிரித்தாள். இருபத்தெட்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் போன மூன்றாம் நாள்தான் வீடு எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது. ஒரே ஆள் என்பதால் என் பங்கு இரண்டு தறியை மட்டும் ஓட்டினேன். எதிரே அவளுடைய இரண்டும் பாவு நூல் ஏற்றியது ஏற்றியபடி நின்றன. பழக்கதோஷம், நூல் அறுந்தால் தலை நிமிர்ந்து எதிர்ப்பக்கம் பார்த்து இரண்டு விரலைப் பிரித்துக் காட்டிவிடுவேன். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று வாசலைப் பார்ப்பேன்.

செல்போனில் கூப்பிட்டால் எங்கள் பக்கம் சிக்னல் சரியிருக்காது. வீடியோ காலில் அவள் முகம் பாதியில் நின்றுபோகும், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். நான் அதற்கும் சிரித்தேன். மாப்பிள்ளைதான், கேபிள்காரரைக் கூப்பிட்டு ஃபைபர் லைன் இழுத்துவிடுங்கள், நல்ல ரவுட்டர் ஒன்று நான் இங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்புகிறேன் என்றார். அனுப்பியும் விட்டார்.

கேபிள்காரர் என் வயசுக்காரர். வந்து சுவரில் துளை போட்டு, மயிர் மாதிரி இருந்த ஒரு வயரை உள்ளே இழுத்து, ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார். ரவுட்டரையும் நானே செட் பண்ணித் தந்துவிடட்டுமா, அஞ்சு நிமிஷ வேலை என்று கேட்டார். வேண்டாங்க, மோட்டாரையே பிரிச்சு மாட்டுறவன் நான், இந்தப் பெட்டிக்கா ஆள் வேணும் என்று அனுப்பிவிட்டேன். பீற்றிக்கொள்வதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அவர் நினைத்திருப்பார். நிஜம் என்னவென்றால், அவளோடு பேசப்போகிற பெட்டியை என் கையால் பூட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. அம்பத்தைந்து வயசில் இதை இன்னொரு ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது?

அஞ்சு நிமிஷ வேலை எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

பெட்டிக்கு நாலு கொம்பு. பின்பக்கம் வரிசையாக ஓட்டைகள். நாலு மஞ்சள், ஒன்று நீலம். நாலு பேர் ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று மஞ்சளில் லைனைச் சொருகிவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பால் பொங்கக் காத்திருப்பது மாதிரி சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பச்சையாகவே இல்லை. மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து நீலத்தில் சொருகினேன். உடனே பச்சை. குளித்ததால்தான் என்று கொஞ்ச நேரம் நம்பினேன்.

அடுத்து பாஸ்வேர்டு. பெட்டியின் அடிப்பாகத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒட்டியிருந்தது. கண்ணாடி போட்டும் தெரியாமல், போனில் படம் எடுத்துப் பெரிசாக்கிப் பார்த்தேன். அதில் பூஜ்யம் எது, ஆங்கில ‘ஓ’ எது என்று கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஒரு வழியாகப் போனில் ரவுட்டரின் பக்கம் திறந்தது. பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டுப் புதிசாக ஒன்று கொடுங்கள் என்றது. யோசிக்கவே இல்லை, மனைவி பெயரைப் போட்டேன். ‘வீக்’ என்று சிவப்பில் காட்டியது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் பெயரைப் பார்த்து வீக் என்று சொல்லத் துணிந்தது அந்த ஒரு பெட்டிதான். பெயரோடு கல்யாண வருஷத்தையும் ஒரு நட்சத்திரக் குறியையும் சேர்த்தேன். ‘ஸ்ட்ராங்’ என்று பச்சைக்கு வந்தது. அன்று சாயங்காலம் கேபிள்காரருக்குப் போன் போட்டு, எல்லாம் ஆச்சு, சும்மா சொல்லலாமேன்னு கூப்பிட்டேன் என்றேன்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ கால் என்று முடிவாயிற்று. அங்கே அப்போது காலை பதினொன்றரை. நான் மூன்றரைக்கே தறியை நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டி, முகம் கழுவி, சட்டை மாட்டி, பவுடர் அடித்துக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு பவுடர் போட்டதில்லை.

முதல் நாள் படம் வந்தது பாருங்கள், அவ்வளவு துல்லியம். மூக்குத்தி மின்னுவது தெரிந்தது. கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை அழுத்தி வாரி, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் குரல் வரவில்லை. வந்தது, கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி.

சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேனுங்க என்றாள். குளிரா என்றேன். கொஞ்சமுங்க என்றாள். வேறென்ன என்றேன். வேறொண்ணும் இல்லீங்க என்றாள். அவ்வளவுதான். ஒரு முருங்கைக்காய்க்குப் பத்து வாக்கியம் பேசுகிறவள்.

சத்தம் பத்தலியே அம்மிணி என்று நான் கத்தினேன். அவள் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து மெல்லச் சொன்னாள்:

“நெட்டு சரியில்லீங்க போல.”

எனக்கு அது போதும். நெட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

முதலில் நாலு கொம்பையும் நாலு திசைக்குத் திருப்பினேன். பிறகு நாலையும் ஜெர்மனி இருக்கும் திசைக்குத் திருப்பினேன். அது எந்தத் திசை என்று தெரியாமல் விமானம் போன திசையைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஷோகேஸில் இருந்ததை பீரோ மேல் வைத்தேன். பீரோ இரும்பு, சிக்னலைக் குடித்துவிடும் என்று யாரோ சொன்னதும் ஜன்னலுக்கு மாற்றினேன். அப்புறம் மகளுக்குத் தொட்டில் கட்டிய உத்திரத்துக் கொக்கியில் ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தொங்கவிட்டேன். வீடு முழுக்க ஒரே சீராகப் பரவட்டும் என்று எண்ணம். காற்றடித்தால் ஆடும். தாலாட்டுத்தான் பாடவில்லை.

குரல் கூடவில்லை.

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, பையில் தொங்குவதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். போனில் ஏதோ போட்டு, முள் ஓடுவதைக் காட்டி, வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார். படமும் சத்தமும் ஒரே வயரில்தான் வருகிறது, படம் இவ்வளவு நல்லா வரும்போது சத்தம் மட்டும் எப்படி வழியில் நின்றுபோகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில், அவங்களையே கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லிப் பாருங்க என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சீரியல் நடுவில் கேபிள் கட்டானபோது இவரை அவள் கூப்பிட்ட கூப்பாடு இவருக்கே மறந்துவிட்டதா?

இதில் நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அதே போனில் மகள் பேசினால் தெளிவாகக் கேட்டது. மாப்பிள்ளை, மாமா நல்லாருக்கீங்களா என்று கேட்டால் கேட்டது. மார்கழியில் பேத்தி பிறந்தாள். அவள் அழுதது பக்கத்து அறையில் அழுவது மாதிரி கேட்டது. என் மனைவி குரல் மட்டும் கேட்கவில்லை. அப்போதும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. தறியில் சத்தம் குறைந்தால் மோட்டார் பெல்ட்டைப் பார் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சத்தம் குறைந்தால் மெஷினில் கோளாறு. முப்பது வருஷமாக வேறு பாடம் படித்ததில்லை.

ஆகவே ரவுட்டரை இன்னும் நோண்டினேன். அதில் சேனல் என்று ஒன்று இருக்கிறது, டி.வி. சேனல் இல்லை, பக்கத்து வீட்டு ரவுட்டரோடு மோதாமல் இருக்க மாற்றிக்கொள்வது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை மாற்றி, நாளுக்கொரு சேனலாக அவளைக் கேட்டேன். அப்டேட் செய்யவா என்று பெட்டி கேட்டது, செய் என்றேன். பாதியில் கரண்ட் போய், பெட்டி மயக்கம் போட்டுவிட்டது. முதுகில் ஒரு குட்டித் துளை இருக்கும், அதில் கம்பியால் குத்தினால் பிறந்த குழந்தை மாதிரி எல்லாவற்றையும் மறந்து எழுந்துகொள்ளும். நூல் கோர்க்கிற கம்பியால் குத்தினேன். மறுபடி மஞ்சள், நீலம், எறும்பு எழுத்து, வீக், ஸ்ட்ராங்.

இப்படியே இரண்டு மாதம் போனது. தினமும் நாலு மணிக்கு நான் பெட்டியின் உடம்பைப் பற்றி அவளிடம் விவரமாகச் சொல்வேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். வடகம் தீரப்போகிறது என்பதையோ, சாயங்காலம் விளக்கேற்றினால் பக்கத்தில் நின்று, திரி ஏன் இப்படி எரியுது என்று அதட்ட ஆளில்லை என்பதையோ நான் சொல்லவில்லை. அதையெல்லாம் குரல் சரியான பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்திருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம். காலை பத்து மணி இருக்கும். சிக்னலைத் தூரமாகக் கொண்டுபோகிற இன்னொரு குட்டிப் பெட்டி வாங்கியிருந்தேன். அது பட்டறை வரை எட்டுகிறதா என்று பார்க்க, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவளிடமிருந்து கால் வந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. பேத்திக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

சமையலறையில் தனியாக நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் தறி ஓடுவது அவளுக்குத் தெரிந்தது, கேட்டது. அவள் முகம் ஒரு நொடியில் மாறியது. எப்படிச் சொல்வது, வெளியூரில் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நம்ம ஊர்க்காரரைப் பார்த்தால் மாறுமே, அந்த மாதிரி. நான் தறியை நிறுத்தக் கை நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்தாள். போனை எதன் மீதோ சாய்த்து வைத்தாள். இரண்டு கையும் மேலே வந்தன. உதடு அசைய ஆரம்பித்தது. இருபத்தெட்டு வருஷமாக எதிர்த்தறியில் நின்று பேசிய அதே பேச்சு. ஒரு சத்தமும் இல்லை, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

இரண்டு ஆள்காட்டி விரலைச் சேர்த்துப் பிரித்தாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

தொண்டையில் ஏதோ நோய் என்று நினைத்து டாக்டரா என்று சைகை செய்தேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சொன்னாள். வந்த முதல் வாரமே, பகலில்தான், கீழ் வீட்டுக்காரர்கள் மேலே வந்து கதவைத் தட்டினார்களாம். இந்த வீட்டில் யாரோ தினமும் சண்டை போடுகிறார்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்களாம். சண்டை இல்லை, எங்கள் அத்தை பேசுகிறார் என்று மாப்பிள்ளை விளக்கம் சொல்லி அனுப்பினாராம். அவர் இவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டதாம். மகள்தான், அம்மா கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா என்றாளாம். இவளுக்கு மெதுவாகப் பேச வரவில்லை. குறைக்கப் பார்த்தால் ஒன்று கத்தலாக வருகிறது, இல்லாவிட்டால் காற்றுத்தான் வருகிறது. அதனால் பேச்சையே விட்டுவிட்டாள். இரண்டு மாதமாக ஆமாங்க, இல்லீங்க மட்டும்தான். சத்தமே இல்லாத வீட்டில் தூக்கமும் வரவில்லையாம். விடிவதற்கு முன்பே எழுந்து சமையலறையில் வந்து நின்றுகொள்கிறாளாம்.

நெட்டு சரியில்லைன்னு சொன்னியே என்று உதட்டை அசைத்தேன்.

“வாயில வந்ததச் சொன்னனுங்க, நீங்களும் நம்பிட்டீங்க. நல்லதாப் போச்சுன்னு உட்டுட்டேன்” என்றாள். பிறகு கொஞ்சம் நின்று, சிரிக்கப் பார்த்து, சொன்னாள்:

“நீங்களும்தான் மைக்கு மைக்குன்னு சொல்லிட்டே இருந்தீங்க. வெளையாட்டுக்குன்னு நெனச்சேன். நெசந்தானுங்கன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது.”

எனக்கு நாக்கில் ஒரு ஜோக்கும் வரவில்லை. எதற்கெடுத்தாலும் ஒன்று வைத்திருப்பேன், அன்றைக்கு இல்லை. ஒரு கையில் போன், இன்னொரு கை சும்மா தொங்கியது. எனக்குப் பின்னால் நூல் அறுந்தபடியே தறி ஓடிக்கொண்டிருந்தது என்று அவள்தான் அங்கிருந்து பார்த்துச் சொன்னாள்.

போனை வைப்பதற்கு முன் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க, பச்ச ஒடம்பு, மனசு சங்கடப்படுவா. இன்னொன்று:

“எனக்கு ஊட்டுக்கு வரணுமாட்ட இருக்குதுங்க.”

வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு உதட்டசைவு. ஆனால் மகள் அங்கே பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகத் திண்டாடுவாள். வா என்றும் சொல்ல முடியவில்லை, இரு என்றும் சொல்ல மனசில்லை. தலையை மட்டும் ஒரு மாதிரி ஆட்டினேன். அது இரண்டுக்கும் பொருந்துகிற ஆட்டல்.

அன்று மத்தியானமே கேபிள்காரரைக் கூப்பிட்டு, பெட்டியைப் பட்டறைக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும், வயரை நீட்டுங்கள் என்றேன். பஞ்சுத் தூசியில் பெட்டி கெட்டுப்போகும், எல்லோரும் இதைச் சத்தமில்லாத இடத்தில்தான் வைப்பார்கள் என்றார். எனக்குச் சத்தம் இருக்கிற இடத்தில்தான் வேண்டும் என்றேன். இந்த ஆளுக்கு முற்றிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, சுவரில் இன்னொரு துளை போட்டுக் கொடுத்தார். ஒரு மெல்லிய துணியைப் போர்த்தி, எதிர்ப்பக்கச் சுவரில், அவள் தறிக்கு மேலே பெட்டியை மாட்டினேன். நின்றுபோயிருந்த அவளுடைய இரண்டு தறிகளையும் துடைத்து, எண்ணெய் விட்டு ஓடவிட்டேன். நாலையும் ஒரே ஆளாகப் பார்ப்பது பைத்தியக்கார வேலை. நாலு மணியிலிருந்து அரைமணி நேரம் மட்டும் அந்தப் பைத்தியக்கார வேலையைச் செய்தேன்.

அவள் காதில் இயர்போன் மாட்டிக்கொள்வாள். நாலு தறியும் ஓடுகிற சத்தம் அவள் காதுக்குள் போகும். அறையில் யாருக்கும் ஒன்றும் கேட்காது. போனைப் பெட்டிக்குக் கீழே, அவள் நிற்கிற இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நாங்கள் கையாலும் உதட்டாலும் பேசுவோம். ஒத்திவைத்ததையெல்லாம் பேசினோம். வடகம் தீர்ந்துவிட்டது, விளக்குத் திரி கருகுகிறது, நான் வைக்கிற ரசத்தை நானே குடிக்க முடியவில்லை எல்லாம். சில நாள் ஒன்றுமே பேசாமல், சோபாவில் தலை சாய்த்து, தறிச் சத்தத்தைக் கேட்டபடி கண் அயர்ந்துவிடுவாள். நான் போனைத் திருப்பாமல் அப்படியே வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். நூல் அறுந்து தலை நிமிர்ந்தால் எதிரே அவள் முகம் இருக்கும். அந்த அரைமணிக்காக மிச்சம் இருபத்து மூன்றரை மணி நேரத்தை ஓட்டினேன்.

ஒரு நாள், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டில் மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றதை நான் பார்த்தேன். நூல் கொடுக்கிற முதலாளி வருகிறார் என்பதற்குப் பட்டறையில் வைத்திருந்த சைகையைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. ஊட்டுக்கு வரணும் என்று உதட்டை அசைத்து முடித்தாள்.

எங்கள் மகள் அந்தப் பட்டறையில் துணி மடிப்புகள் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். அ, ஆ படிப்பதற்கு முன்னால் எங்கள் உதட்டைப் படிக்கக் கற்றவள். அவளுக்கு ஒளித்து இந்தப் பாஷையில் பேசலாம் என்று நாங்கள் நினைத்தது எந்த ஊர்ப் புத்திசாலித்தனம் என்று தெரியவில்லை. அவள் பிள்ளையைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கால் வந்தது. மகள்தான் போனைப் பிடித்திருந்தாள். பின்னால் வீடு இல்லை, வெளி. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளையாக உறைந்த வயல், நடுவில் ஓர் ஆறு, ஆள் அரவமே இல்லை. மாப்பிள்ளை தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். என் மனைவி மகளுடைய தொப்பியும் மாப்பிள்ளையுடைய கோட்டும் போட்டுக்கொண்டு, சர்க்கஸைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள் மாதிரி நின்றிருந்தாள்.

மகள் என்னைத் தறியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். பட்டறை அமைதியானது. அவள் தன் அம்மா பக்கம் திரும்பி, இங்கே யாரும் இல்லை, பேசுங்கம்மா என்றாள்.

ரோட்டைக் கடக்கிறவள் மாதிரி இவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஏனுங்க என்றாள். காற்றுத்தான் வந்தது.

“அதில்லீங்கம்மா” என்றாள் மகள். “அப்பாவைப் பட்டறையில இருந்து சோத்துக்குக் கூப்புடுவீங்கல்ல. அது.”

இவள் இடுப்பில் கை வைத்தாள். மூச்சை இழுத்தாள்.

“ஏனுங்கோவ்... சோறு ஆறிப்போவுது, வாரீங்களா இல்லீங்களா!”

அந்தச் சின்ன போனுக்குள் அவ்வளவு இடம் எங்கே இருந்ததோ. ஸ்பீக்கர் கரகரவென்று நடுங்கியது. தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த காகம் எழுந்து பறந்தது. ரோட்டில் போன யாரோ சைக்கிளை நிறுத்தி, அம்மிணி வந்துருச்சாட்ட இருக்குது என்று எட்டிப் பார்த்தார். நான் வாரேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்தத் தடவை குரல் வராமல் நின்றவன் நான். கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறேனா, பாலை மூடி வைக்கிறேனா, கன்னம் ஏன் ஒட்டிக் கிடக்கிறது, ரவுட்டருக்கு எதற்குத் தன் பழைய தாவணித் துணி என்று இரண்டு மாதத்துப் பாக்கியை எல்லாம் அந்த ஆற்றங்கரையில் நின்று கொட்டித் தீர்த்தாள். முகம் சிவந்து, வாயிலிருந்து புகை மாதிரி ஆவி வந்தது. நான் அவள் தறி மேல் சாய்ந்து நின்று, திட்டு வாங்குவது இவ்வளவு சுகமான வேலையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மகள் போனை வாங்கினாள். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே அப்பா என்றாள். பிறகு ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள்:

“நானும் வந்த புதுசுல இப்படித்தானுங்கப்பா. ஆறு மாசம் சத்தமாவே பேசல. உங்ககிட்டயும் சொல்லல.”

அந்த ஆறு மாதமும் அவளோடு நான் வாரம் தவறாமல் போனில் பேசியிருக்கிறேன். வெளிநாடு போய் மரியாதை கற்றுக்கொண்டாள், எவ்வளவு பதவிசாகப் பேசுகிறாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஆற்றங்கரைக்குப் போனார்கள். மகளும் கூடச் சேர்ந்து கத்தினாள் என்று கேள்வி. தை கடைசியில் என் மனைவி திரும்பி வந்தாள். வந்த அன்றே ரவுட்டரைப் பட்டறையிலிருந்து கழற்றி வீட்டுக்குள் வைக்கச் சொன்னாள். பஞ்சு படுதாம்.

மகளுக்கு இப்போது நாங்கள் இருவருமாகத்தான் போன் செய்கிறோம். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தால் நான் பெட்டிப் பக்கம் போவதில்லை, என்ன சாமி என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன், அவளாகச் சொல்கிறாள். ஊராட்சி மைக் என்ற பட்டத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு திருட்டுத்தனம் மட்டும் புதிசாகப் பழகியிருக்கிறது, என் மனைவிக்கு இன்னும் தெரியாது. வாசலில் நின்று சோத்துக்குக் கூப்பிடுகிறாள், முதல் தடவையிலேயே எனக்குக் கணீரென்று கேட்டுவிடுகிறது, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று கேட்காதவன் மாதிரி நிற்கிறேன்.